சோடாச் சூளை: ஒரு பக்கம் அரத்தாள், மற்றப் பக்கம் ஓடி ஒட்டுது. எங்க பிழை?

1. கல்லடி_திரிகை

வணக்கம். மூன்றாவது சோடாச் சூடு (சூளை உச்சச் சூட்டில நிக்கேக்க சோடாக் கரைசலைத் தெளிச்சு, அந்த ஆவியால சாமானில கண்ணாடி ஏத்திற முறை) இறங்கியிருக்கு. பாதிச் சாமானை வெளிய எடுத்துக் காட்டவே மனமில்லை. விபரத்தை முழுசாப் போடுறன், பிழை எங்க எண்டு பார்த்துச் சொல்லுங்க.

சூளை 24 கன அடி. உள்சுவர் முழுக்க கடினப் பயர் பிறிக் (சூடு தாங்கிற செங்கல்). சுவாலை மேல போய்த் திரும்பி, அடியால பின்பக்கச் சிமினிக்குப் போற அமைப்பு. முன்பக்கத்தில இடமும் வலமுமா இரண்டு காஸ் பேணர் (சுவாலை வாற எரிவாய்), ஒவ்வொண்டுக்கும் மேல ஒரு சோடாத் துளை. 37.5 கிலோ சிலிண்டர் இரண்டு.

மண் இரண்டு வகை. "அ": மீட்டியாகொடக் கயோலின், தெடியாவலப் போல் கிளே, மாத்தளைப் பெல்ஸ்பார், சிலிக்கா. "ஆ": அதே மண்ணோட நூற்றுக்கு 15 பங்கு எங்கட பக்கத்துச் செம்மண். பிஸ்க் (பூச்சுக்கு முந்தின முதற்சூடு) 950 பாகை.

கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு): 4-3-2-1 தான் (பெல்ஸ்பார் 40, சிலிக்கா 30, சுண்ணக்கல் தூள் 20, கயோலின் 10), அதுக்கு மேல 1 பங்கு இரும்பு ஒட்சைட்டு. கோப்பை, கிண்ணத்துக்கு உள்ளையும், சிலதுக்கு வெளியில அரைவாசிக்கும்.

சூடு: 900 பாகையில 45 நிமிசம் புகையடிப்பு (காற்றைக் குறைச்சு எரிக்கிறது). 1230 இல ஒரு மணித்தியாலம் போல ஏறாம நிண்டுது. கோன் 8 (சூட்டை அறிய வைக்கிற, வளைஞ்சு விழுற மண் கூம்பு; இலக்கம் கூடினா கூடச் சூடு) விழுந்ததும் சோடா: 900 கிராமை 3 லீற்றர் சுடுதண்ணியில கரைச்சு, 15 நிமிசத்துக்கு ஒருக்கா, ஆறு தரம் தெளிச்சது. கோன் 10 படுத்ததும் நிப்பாட்டி, டாம்பரை (சிமினி வழியை அடைக்கிற தட்டை) மூடி, அப்படியே ஆறவிட்டது.

வந்த குறைகள்:
பேணருக்கு முகம் காட்டாத பக்கமெல்லாம் வறட்சி, தடவினா அரத்தாள் மாதிரி. பேணர்ப் பக்கக் கிண்ணங்களில கிளேஸ் ஓடி ஷெல்ஃபில ஒட்டிப்போச்சு. "ஆ" மண் சாமானில ஊசித்துளையும் கொப்புளமும். கீழ்த்தட்டுக் கிண்ணங்களுக்குள்ள வெள்ளையா ஒரு மங்கல் படலம். மூடி மூன்று கழரவே இல்லை. ஒரு பீங்கான் தட்டுக்கு நடுவில பச்சை கலந்த கபிலத் துளி.

தெளிகருவி நுனியும் இரண்டு தரம் அடைச்சுது.

2. மட்டக்களப்பு_மண்

முதலில் மூன்று கேள்வி. சோதனை வளையம் (சூட்டின் நடுவில் வெளியே இழுத்து, சோடா ஏறியதைப் பார்க்கும் மண் வளையம்) வைத்தீர்களா? ஷெல்ஃபுக்கும் சாமானுக்கும் என்ன பூசினீர்கள்? அந்த "சோடா" பையில் என்ன எழுதியிருக்கிறது? 900 கிராம் என்பது எதன் 900 கிராம் என்று தெரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

பீங்கானில் விழுந்த துளிக்கு மட்டும் இப்போதே பதில் சொல்லலாம். அது வளைவுக் கூரையில் இருந்து சொட்டியது. ஒவ்வொரு சூட்டிலும் கூரைக் கல்லில் சோடாக் கண்ணாடி ஏறும். கல்லில் உள்ள இரும்பையும் கரைத்துக்கொண்டு ஒருநாள் கீழே விழும்.

3. சம்மாந்துறை_உமி

ஓடுறதுக்குக் காரணம் கிளேஸ்தான். 4-3-2-1 சாதாரணச் சூட்டிலேயே கோன் 10 இல நல்லா உருகி நிக்கிற சாமான். அதுக்கு மேல சோடியம் வந்து விழுந்தா ஒரு கோன், ஒண்டரைக் கோன் கூடச் சுட்ட மாதிரித்தான். சுண்ணக்கல்லை 20 இல இருந்து 15 ஆக்குங்க, கயோலினை 10 இல இருந்து 15 ஆக்குங்க. அலுமினா கூடினா கிளேஸ் இறுகும், ஓடாது. அடியில இருந்து ஒரு விரல் அகலத்தை வெறுமையா விடுங்க.

4. வாடைக்காற்று

காக்கா, கோபிக்காதீங்க, நான் ஒத்துக்கொள்ளமாட்டன். ஒரே வாளிக் கிளேஸ், ஒரே நாள் தோய்ச்சது. ஒரு பக்கம் ஓடுது, மற்றப் பக்கம் ஒழுங்கா நிக்குது. சேர்மானம் பிழையெண்டா எல்லாம் ஓடியிருக்க வேணும். ஒரே சூளைக்குள்ள வறட்சியும் ஓட்டமும் சேர்ந்து வந்தா அது ஆவி போன வழியின்ர கணக்கு.

உப்புப் போட்டுச் சுடுறதும் சோடாப் போட்டுச் சுடுறதும் ஒண்டில்லை. உப்பு ஆவி சூளை முழுக்கப் பரவும். சோடா ஆவி நேர போற இடத்தில குந்திவிடும். பேணருக்கு முன்னால நிக்கிற சாமான் தன்ர பங்கையும் பின்னால நிக்கிறதின்ர பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். எப்படி அடுக்கினீங்க, சாமானுக்கு இடையில எவ்வளவு இடம் எண்டதையும் சொல்லுங்க.

5. கல்லடி_திரிகை

வளையம் வைக்கேல்ல. கோன் மட்டும்தான் பார்த்தது.
ஷெல்ஃபுக்குக் கயோலினும் சிலிக்காவும் கலந்து பூசினது. சாமானுக்கு அடியில வாட் (ஒட்டாம இருக்க வைக்கிற சின்ன உருண்டை) இல்லை, மூடிக்கு வாயில கிளேஸ் துடைச்சது மட்டும்.
அடுக்கு நெருக்கம்தான், சில இடத்தில ஒரு விரல்.
சோடா: சந்தைக் கடையில "சலவைச் சோடா" எண்டு நிறுத்து வாங்கினது. பையில எழுத்து ஒண்டும் இல்லை. கற்கண்டு மாதிரிக் கட்டி, வெளியில வெள்ளைப் பொடி படிஞ்சிருக்கு, உடைச்சா உள்ள கண்ணாடி மாதிரி.

6. மட்டக்களப்பு_மண்

கற்கண்டு என்று சொன்னதே போதும். அது சோடா அஷ் (நீரற்ற சோடியங்காபனேற்று) அல்ல, நீர் ஏறிய சோடாப் பளிங்கு. ஒவ்வொரு சோடியங்காபனேற்று மூலக்கூற்றோடும் பத்து நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கின்றன. நிறையில் 100 க்கு 63 பங்கு தண்ணீர், 37 பங்குதான் சோடா. வெளியே படிந்த வெள்ளைப் பொடி, நீரை இழந்துகொண்டிருக்கும் மேற்பரப்பு. அப்படியானால் நீங்கள் போட்ட 900 கிராமில் உள்ளது 333 கிராம் சோடா. 24 கன அடிக்கு, அதுவும் மூன்றே சூடு கண்ட புதுச் சூளைக்கு, அது தொட்டுக்கொள்ளத்தான் காணும்.

ஊகத்தில் விடவேண்டாம், அடுப்பில் பார்க்கலாம். எவர்சில்வர் சட்டி ஒன்றை நிறுத்துக்கொள்ளுங்கள். அலுமினியச் சட்டி கூடாது, சோடா அதை அரிக்கும். கட்டியில் 50 கிராம் போட்டுச் சிறு தீயில் வையுங்கள். பளிங்காக இருந்தால் சூடு ஏற முன்னமே தன் தண்ணீரில் தானே உருகும், பிறகு கொதிக்கும், பிறகு வெள்ளைப் பொருக்காகும். தெறிக்கும், கண்ணாடி போடுங்கள். நிறை குறைவது நின்றதும் நிறுக்கவும்.

18 அல்லது 19 கிராம் மிஞ்சினால் பளிங்கு.
31 அல்லது 32 மிஞ்சினால் அது அப்பச்சோடா. அது உருகாது, பொடியாகவே இருந்து நிறை குறையும்.
42, 43 மிஞ்சினால் ஒற்றை நீர் ஏறியது.
50 க்குக் கிட்ட நின்றால்தான் உண்மையான சோடா அஷ்.

மிஞ்சியதில் சிறிது எடுத்து வினாகிரி விடுங்கள். நன்றாகப் பொங்க வேண்டும். சோம்பலாகப் பொங்கினால் சல்பேற்று கலந்திருக்கிறது, சூளைக்கு வேண்டாம். உடுப்புத் தோய்க்கும் தூள்களை இந்தப் பக்கம் கொண்டே வரவேண்டாம்.

7. கல்லடி_திரிகை

50 கிராம் போட்டு 19 கிராம் வந்தது. வினாகிரி விட்டா நல்லாப் பொங்குது.

ஒரு சந்தேகம். 333 கிராம்தான் போட்டதெண்டா பேணர்ப் பக்கம் ஏன் ஓடினது?

8. வாடைக்காற்று

மூன்று காரணம் சேர்ந்திருக்கு.

1230 இல ஒரு மணித்தியாலம் நிண்டதெண்டு எழுதியிருக்கிறீங்க. வெப்பமானி ஒரே இடத்தில நிண்டாலும் கிளேஸ் உருகிறது நிக்காது. பேணர் வாயில நிண்ட கிண்ணத்துக்கு அந்த ஒரு மணித்தியாலமும் மேலதிகச் சூடு. ஏன் நிண்டது? சிலிண்டரின்ர அடிப்பக்கம் பனி பிடிச்சிருந்ததா? காஸ் ஆவியாகேக்க சிலிண்டர் குளிரும், குளிர்ந்தா அமுக்கம் விழும். 24 கன அடிக்கு இரண்டு சிலிண்டர் கடைசி நேரம் தடுமாறும். மூன்றை ஒரே குழாயில இணைச்சுத் திறங்க, ஒவ்வொண்டும் மெதுவா இழுபடும். சாதாரணத் தண்ணித் தொட்டியில வைக்கலாம். சுடுதண்ணி ஊத்துறது, பந்தம் பிடிக்கிறது எல்லாம் வேண்டாம்.

இரண்டாவது, இருந்த கொஞ்சச் சோடாவும் நெருக்க அடுக்கால அங்கயே விழுந்திட்டுது.

மூன்றாவது கோன். சோடா தொட்ட கோன் பொய் சொல்லும். அதின்ர மேலயும் கண்ணாடி ஏறும், முந்தி வளையும். சோடா தொடங்கின பிறகு கோன் 10 ஐ நம்பி நிப்பாட்டினா பின்பக்கம் கோன் 9 ஐயும் கண்டிருக்காது. உங்கட வறட்சியில பாதி அதுதான் எண்டு நினைக்கிறன். கோனைச் சோடா படாத மூலையில ஒரு கல்லுக்குப் பின்னால ஒளிச்சு வையுங்க, முன்னுக்கு ஒண்டு பின்னுக்கு ஒண்டு. மறுகா எல்லாத்தையும் வளையம் சொல்லும்.

9. சம்மாந்துறை_உமி

இப்ப பாருங்க. இனி 900 கிராமும் உண்மையான சோடாவாப் போட்டாலே கிட்டத்தட்ட மூன்று மடங்கு. இப்பவே ஓடுற கிளேஸ் அப்ப என்ன செய்யும்? நான் சொன்ன 15-15 மாற்றம் அப்பவும் வேணும்.

10. வாடைக்காற்று

அது சரி காக்கா, விட்டுக்குடுக்கிறன். 15-15 நல்லம். முதல் ஆறு கோப்பைக்கு மட்டும் போடட்டும், அடியில பிஸ்க் மண் வில்லை வைச்சு.

11. மட்டக்களப்பு_மண்

அளவுக்கு வருவோம். பழகிய 24 கன அடிச் சூளைக்கு உண்மையான சோடா அஷ் 900 கிராமில் இருந்து 1.3 கிலோ வரை நல்ல தொடக்கம். புதுச் சூளையில் முதல் சில சூடுகளுக்கு இன்னும் அரை மடங்கு கூட்டலாம், ஏனென்றால் கல் தன் பங்கைக் குடித்துவிட்டுத்தான் சாமானுக்குக் கொடுக்கும். உங்களுக்கு 1.5 கிலோ என்று வைப்போம்.

பளிங்கையே பாவிப்பதானால் 2.7 ஆல் பெருக்கினால் 4 கிலோவுக்கு மேல் வரும். அதில் இரண்டரைக் கிலோ சும்மா தண்ணீர், சூளையைக் குளிர்விக்கத்தான் உதவும். அப்பச்சோடா என்றால் 1.6 ஆல் பெருக்க 2.4 கிலோ. ஆனால் அது தண்ணீரில் நன்றாகக் கரையாது, 20 பாகையில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராமும் இல்லை. ஆகவே அதைத் தெளிப்பதை விட ஈரப்படுத்தி உருட்டியோ, உலர்வாகக் கோண இரும்பில் வைத்துத் தட்டியோ போடுவது வழக்கம்.

சோடா அஷ் கரைவதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. 15 பாகையில் 100 மில்லிலீற்றருக்கு 16 கிராம், 28 இல் 34, 35 இல் கிட்டத்தட்ட 49. அதற்கு மேல் எவ்வளவு சூடாக்கினாலும் கூடாது, கொதிநீரில் சற்றுக் குறையவும் செய்யும். கொதிக்க வைத்து அள்ளிக் கொட்டுவதில் பயனில்லை, கை பொறுக்கும் சூடு போதும். லீற்றருக்கு 250 கிராம் என்று பிடித்தால் நம் ஊர் இரவிலும் பளிங்கு கட்டாது. தண்ணீரில் சோடாவைக் கிளறிக்கொண்டே தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் அடியில் கல்லாகும்.

உங்கள் நுனி அடைத்தது குளிரால் அல்ல. உங்கள் கரைசல் 10 பங்குகூட இல்லை, பளிங்கு கட்ட வாய்ப்பே கிடையாது. துளை வாயில் பிடித்த நுனியில் நீர் காய்ந்து சோடா பொருக்குக் கட்டியிருக்கும். ஒவ்வொரு சுற்றும் முடிந்தவுடன் வெறும் சுடுநீரை ஒரு தரம் பீச்சிவிடுங்கள். தெளிகருவி பிளாஸ்ரிக் தொட்டியும் எவர்சில்வர்க் குழாயுமாக இருக்கட்டும், அலுமினியப் பகுதி ஒன்றும் வேண்டாம்.

வாங்கிய சோடா அஷ்ஷைத் திறந்த பையில் வைக்காதீர்கள். வாவிக்கரை ஈரத்தில் அது நீரை இழுத்து நிறை கூடும், பிறகு தராசும் பொய் சொல்லும். மூடி இறுகும் வாளி.

12. வாடைக்காற்று

அடுக்கு. இடைவெளி ஒரு விரல் காணாது. குறைஞ்சது மூன்று விரல், சோடாத் துளைக்கு நேர இன்னும் கூட. உயரமான சாமான் நடுவிலயும் பின்னுக்கும், குட்டையானது பேணர் வழியில. மேல்தட்டுக்கும் கூரைக்கும் இடையில ஒரு சாண் விடுங்க, ஆவி திரும்பிற இடம் அதுதான். பேணருக்கு முன்னால தடுப்புச் சுவர் கட்டியிருந்தா ஒரு கல் உயரத்தைக் குறைச்சுப் பாருங்க.

சோடாவைச் சாமானுக்கு நேர அடிக்காதீங்க. துளைக்கு எதிரில ஒரு உடைஞ்ச பயர் பிறிக்கைச் சரிச்சு வைச்சா தெளிப்பு அதில பட்டுச் சிதறி ஆவியாகும்.

அடிக்கிற முறை: இரண்டு துளையாலயும் மாறி மாறி, ஒவ்வொரு சுற்றும் ஒரு லீற்றருக்கு மேல போகாம. அடிக்கேக்க டாம்பரை முக்கால்வாசி உள்ள தள்ளுங்க, மூன்று நாலு நிமிசம் ஆவி உள்ள சுத்தட்டும், பிறகு திறந்து ஏறவிடுங்க. ஒவ்வொரு சுற்றுக்கும் வெப்பம் 10, 20 பாகை இறங்கும். இறங்கினது ஏறின பிறகுதான் அடுத்த சுற்று. மணிக்கூட்டைப் பார்த்து 15 நிமிசத்துக்கு ஒருக்கா அடிச்சா சூளை ஏறாமலே கிடக்கும்.

பாதிச் சோடா முடிஞ்சதும் வளையம் எடுங்க. "அ" மண்ணில விரல் மொத்த வளையம் எட்டு, நாலு முன் பார்வைத் துளைக்கு நேர, நாலு பின்னுக்கு. கம்பியால கோர்த்து இழுத்துத் தண்ணியில போடுங்க. அதில நிறத்தைப் பார்க்காதீங்க, சட்டெண்டு ஆறினதால செம்மஞ்சள் வராது. மினுக்கத்தையும் தடிப்பையும் மட்டும் பாருங்க. முன் வளையத்தில தோடம்பழத் தோல் மாதிரிப் புள்ளிப் பரப்பு வந்து பின் வளையம் வெறுமையா இருந்தா, மிச்சச் சோடாவை முன்னால அடிச்சுப் பிரயோசனமில்லை. பின்சுவரில ஒரு துளை வேணும்.

காற்றையும் கணக்கில எடுங்க. வைகாசி, ஆனியில கச்சான் வீசேக்க சிமினி இழுக்கிற இழுவையும் மார்கழி வாடையில இழுக்கிற இழுவையும் ஒண்டில்லை. போன தரம் டாம்பர் நாலு அங்குலத்தில நிண்டதெண்டு இந்தத் தரமும் நாலு அங்குலம் வைக்காதீங்க. பார்வைத் துளையில வாற சுவாலையின்ர நீளத்தைப் பார்த்து வைக்கிறதுதான் சரி. பேணர்ப் பக்கம் காற்று நேர அடிச்சா தகரம் ஒண்டு மறைப்புக்கு.

13. சம்மாந்துறை_உமி

இனி அந்த "ஆ" மண். கொப்புளம் வந்த துண்டு ஒண்டை உடைச்சுப் பாருங்க தம்பி. நடுவில கறுப்புக் கோடு இருக்கா?

14. கல்லடி_திரிகை

இருக்கு காக்கா. வெளியில கபிலம், நடுவில சிலேற்றுக் கறுப்பு. கொப்புளம் எல்லாம் அந்தக் கறுப்புக்குள்ள இருந்துதான் ஊதியிருக்கு.

15. சம்மாந்துறை_உமி

அது எரியாம நிண்ட காபன். நம்மட செம்மண்ணில இலை குழை, வேர் எல்லாம் கிடக்கும். 950 இல பிஸ்க் போட்டு அவசரமா ஏத்தினா உள்ள இருக்கிறது எரிய ஒட்சிசன் காணாது. மறுகா 900 இல நீங்க புகையடிக்கத் தொடங்கினதும் மிச்சத்தையும் பூட்டி வைச்ச மாதிரி. அந்த நிலையில இரும்பு ஒட்சைட்டு உருக்கியா வேலை செய்யும், மண் உள்ளுக்கே இளகும். வெளியில சோடாக் கண்ணாடி மூடினதும் வாயுவுக்கு வழி இல்லை, ஊதும்.

செய்ய வேண்டியது: பிஸ்க்கை 1000 பாகைக்கு ஏத்துங்க. 700 க்கும் 900 க்கும் இடையில மணித்தியாலத்துக்கு 60 பாகைக்கு மேல போகாதீங்க, காற்றுத் துளை எல்லாம் திறந்து, சாமானை ஒண்டுக்குள்ள ஒண்டு அடுக்காம. செம்மண்ணை 15 இல இருந்து 5 ஆக்குங்க. சட்டி பானைக்கு வாற செம்மண் கோன் 10 ஐத் தாங்கிற சாதி இல்லை. தனியா வைச்சா ஷெல்ஃபில கூழா இருக்கும். மண்ணில இரும்பு கூடினா சோடாவில செம்மஞ்சளும் வராது, மினுங்கிற கபிலம்தான். நிறம் வேணுமெண்டா மண்ணை வெள்ளையா வைச்சு, மேல மெல்லிசா ஸ்லிப் (தண்ணியில கரைச்ச மண் பூச்சு) போடுங்க. கயோலின் 80, பெல்ஸ்பார் 20, பால் பதத்தில. கயோலின் மிச்சம் வெள்ளையெண்டா நிறம் வெளிறும், அப்ப கயோலினில 20 பங்கை எடுத்துப் போல் கிளே போட்டுப் பாருங்க.

ஊசித்துளைக்கு இன்னொரு காரணம் சொல்றன், என்ர பேருக்கேற்ற காரணம். சிலிக்காவுக்குப் பதிலா உமிச்சாம்பல் போடுற ஆக்கள் இருக்காங்க. நல்ல சாமான்தான், நூற்றுக்கு 90 பங்கு வரைக்கும் சிலிக்கா. ஆனா ஆலையில இருந்து கறுப்பா வாறதை அப்படியே போட்டா அதுக்குள்ள காபன், கிளேஸ் கொதிக்கும். வெள்ளையாகும் மட்டும் திரும்ப எரிச்சு, அரிச்சுப் போடுங்க. முகமூடி இல்லாம அரிக்கக் கூடாது, அந்தத் தூசி நெஞ்சுக்குக் கேடு.

16. ஒலுவில்_கரை

இடையில வாறதுக்கு மன்னிக்கவும். இவ்வளவு கரைச்சல் பட்டுச் சோடா தேடாம, உப்பையே போட்டா என்ன? ஆனையிறவு உப்பு கிலோக் கணக்கில கிடைக்குது. முந்தி ஜெர்மனியில உப்புத்தானே போட்டாங்க.

17. மட்டக்களப்பு_மண்

போடலாம், இன்னும் சமமாகப் பரவும். ஆனால் உப்பு நீராவியோடு சேர்ந்து பிரியும்போது ஐதரசன் குளோரைட்டு வரும். ஈரக் காற்றில் அது ஐதரோகுளோரிக் அமிலப் புகார். தகரக் கூரை, காஸ் குழாய், பக்கத்து வளவு மரம், நெஞ்சு எல்லாவற்றுக்கும் கேடு. வீடுகள் நெருங்கிய கல்லடியில் நான் சொல்லமாட்டேன். சோடாவில் வெளிவருவது காபனீரொட்சைட்டும் நீராவியும்தான் என்றாலும் அதுவும் பால் அல்ல. தெளிக்கும்போது துளையால் திருப்பி வரும் ஆவி காரம். கண்ணாடி, தூசி வடிகட்டும் முகமூடி, முழங்கை வரை தோல் கையுறை.

ஒரு எச்சரிக்கையும் சேர்த்து: கிணற்று நீரில் உப்பு ஏறியிருந்தால் கிளேஸ் கரைசலும் ஸ்லிப்பும் திரளும். திரண்டால் தடிப்பாக ஒட்டும், காயும்போது வெடித்து, சூட்டில் சுருண்டு வெறும் மண் தெரியும். நாக்கில் உவர் தெரிந்தாலே மழைநீர் அல்லது குழாய்நீர் பாவியுங்கள்.

18. கல்லடி_திரிகை

சுருளல் போன சூட்டில இரண்டு கிண்ணத்தில இருந்தது, எழுத மறந்திட்டன். கிணத்துத் தண்ணிதான். அப்ப அந்த வெள்ளைப் படலம்?

19. மட்டக்களப்பு_மண்

ஈரத் துணியால் துடைத்துப் பாருங்கள், பிறகு வினாகிரி தொட்டுப் பாருங்கள். போனால் அது ஆறும்போது படிந்த சோடா. கடைசிச் சுற்றை அடித்துவிட்டு உடனே டாம்பரை மூடினால் மிச்ச ஆவி வெளியேற வழியின்றிக் கிண்ணத்துக்குள் குந்தும். கடைசித் தெளிப்புக்குப் பிறகு 20 நிமிடமாவது எரியவிட்டு நிறுத்துங்கள்.

போகாவிட்டால் அது கிளேஸுக்குள் வளர்ந்த பளிங்கு. சுண்ணம் கூடிய கிளேஸ் 1200 க்கும் 1000 க்கும் இடையில் மெதுவாக ஆறினால் மங்கும். நிறுத்தியவுடன் டாம்பரையும் துளைகளையும் திறந்து 1040 பாகை வரை வேகமாக இறக்கி, பிறகு மூடுங்கள். மினுக்கமும் நிற்கும், காற்றுப் பட்டதால் ஸ்லிப்பின் செம்மஞ்சளும் தெளியும். 600 பாகையில் இருந்து கீழே அவசரம் வேண்டாம், 573 இல் குவாட்ஸ் திரும்பும் இடம் பெரிய பீங்கான்களைப் பிளக்கும்.

20. கல்லடி_திரிகை

துணியால போகேல்ல, வினாகிரியாலயும் போகேல்ல. அப்ப பளிங்கு.

21. வாடைக்காற்று

டாம்பரை மூடி ஆறவிட்டது எண்டு முதல் பதிவிலயே இருந்தது. நாங்க எல்லாரும் தாண்டிப் போயிட்டம்.

ஷெல்ஃப் பூச்சைக் கேட்டம், பதில் வந்த பிறகு அதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கேல்ல. பூச்சில சிலிக்கா போட்டது பெரிய பிழை. சோடா தேடி வாறதே சிலிக்காவைத்தான். நீங்க ஷெல்ஃபுக்கு நீங்களே கிளேஸ் அடிச்சிருக்கிறீங்க. சுரண்டி எடுத்திட்டு, அலுமினா ஐதரேற்று பாதி, கயோலின் பாதி, தயிர்ப் பதத்தில இரண்டு பூச்சு. அலுமினாவைச் சோடா லேசில தொடாது.

வாட்டுக்கும் அதே கணக்கு, கன அளவில பாதிக்குப் பாதி, பிசைஞ்சு கொட்டைப்பாக்களவு உருண்டை. சாமானுக்கு அடியில மூன்று, ஷெல்ஃபுக்கும் தாங்கிக் கல்லுக்கும் இடையிலயும். மூடிக்கும் வாய்க்கும் இடையில பயறளவில ஆறு. எங்கட ஆக்கள் பழக்கத்தில மண்ணுக்குள்ள உமி பிசைவாங்க, வாட்டில அது வேண்டாம். உமி எரிஞ்சா மிஞ்சிறது சிலிக்கா, அது ஒட்டும். உதிர வேணுமெண்டா மரத்தூள் கொஞ்சம்.

கூரையைத் தட்டிப் பாருங்க, தொங்கிற கண்ணாடித் துளியை உளியால எடுத்திட்டு அதே பூச்சை மெல்லிசா அடிங்க. மொத்தமா அடிச்சா உதிர்ந்து அதுவே சாமானில விழும்.

22. கல்லடி_திரிகை

சரி, அடுத்த சூட்டுக்குத் திட்டம்:
சோடா அஷ் 1.5 கிலோ, 6 லீற்றர் தண்ணி, ஆறு சுற்று. பிஸ்க் 1000. "ஆ" மண்ணில செம்மண் 5. கிளேஸ் 15-15, மழைத்தண்ணி. மூன்று சிலிண்டர். ஒளிச்ச கோன் இரண்டு, வளையம் எட்டு. கடைசித் தெளிப்புக்குப் பிறகு 20 நிமிசம், மறுகா 1040 மட்டும் வேகமா இறக்கம். பூச்சும் வாட்டும் அலுமினா.

23. மட்டக்களப்பு_மண்

இரண்டு திருத்தம். ஆறு சுற்றையும் கட்டாயம் முடிக்கவேண்டும் என்றில்லை. நாலாம் சுற்றில் பின் வளையமும் மினுங்கினால் நிறுத்துங்கள். கூடினால் வேறு வருத்தம் வரும்: சோடியக் கண்ணாடி ஆறும்போது மண்ணை விடக் கூடச் சுருங்கும், தடிப்பாக ஏறினால் வலைவலையாக வெடிக்கும். அப்படி வெடித்தால் மண்ணில் நுண்சிலிக்காவை 3 அல்லது 5 பங்கு கூட்ட வேண்டி வரும்.

வெப்பமானி கே வகை என்றால் சோடா தொடங்கும்போது வெளியே இழுத்துவிட்டு, சுற்றுக்குச் சுற்று உள்ளே விட்டுப் பாருங்கள். சோடா ஆவியில் நிரந்தரமாக நின்றால் அதன் உறை அரிபட்டு, அளவு குறைவாகக் காட்டத் தொடங்கும்.

24. சம்மாந்துறை_உமி

தம்பி, அந்த மிச்சச் சலவைப் பளிங்கை எறிஞ்சிடாதீங்க. சட்டியில காய்ச்சி நீரை எடுத்தா அதுவும் சோடா அஷ்தான், கிலோவுக்கு 370 கிராம் வரும். வளையச் சோதனைக்குக் காணும்.

25. கல்லடி_திரிகை

இரண்டே கால் கிலோ மிச்சம் கிடக்கு காக்கா. காய்ச்சினா 830 கிராம் போல வரும், 1.5 இல பாதிக்கு மேல அதே தேறும். மிச்சம் 670 வாங்கினாப் போதும். பெரிய எவர்சில்வர்த் தாச்சி ஒண்டுதான் வேணும், வீட்டில கேட்டா அடிதான் விழும்.